கரடிக்கு ஓர் அறிவிப்பு

விதியை மீறுகிறவரை உங்களுக்குத் தெரியும். சிவப்பு விளக்கில் வண்டியை விடுவார், ‘இங்கே துப்பாதீர்கள்’ என்ற எழுத்தின் மீதே குறி பார்த்துத் துப்புவார், தட்டிக் கேட்டால் முறைப்பார். அவரால் பெரிய ஆபத்தில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும், ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். இந்த இனத்தவர் விதியை மீற மாட்டார். மதிப்பார், ரசிப்பார், தெரியாதவர்களுக்கு விளக்குவார், இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்தால் தேவலை என்று அபிப்பிராயமும் சொல்வார். அந்த விதி தம்மை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல என்று நம்புவார், அவ்வளவுதான். பெயரில்லாமல் பேச முடியாதென்பதால் விதிவிலக்கர் என்று வைத்துக்கொள்வோம்.

பார்த்திருப்பீர்கள். ‘ஆறு பேர் மட்டும்’ என்று எழுதிய லிஃப்டில் ஏழாவதாக ஏறிக்கொண்டு, எட்டாவதாக ஓடி வருகிறவரிடம் “ஆறு பேருக்குத்தாங்க இடம்” என்று கண்ணியமாகச் சொல்வாரே, அவர்தான். நூலகத்தில் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “நான் லைப்ரரில இருக்கேன், இங்க பேசக் கூடாது” என்பதைக் கால்மணி நேரம் பேசுவாரே, அவரேதான். அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்குத் தாம் சொல்வது பொய் என்று தெரியும். நம்மவருக்கு அந்தச் சிரமம்கூடக் கிடையாது.

இந்த இனத்தை முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால் காட்டுப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். மலையடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்தில் கூடாரமடித்து இரண்டு மூன்று நாள் தங்க அனுமதிப்பார்களே, அப்படி ஓர் இடம். அங்கே பதினோரு வருடமாக வனக்காவலர் வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். முகாமுக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் பெட்டியக்கா. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடாரம் கூடாரமாகப் போய், “சாப்பாட்டை எல்லாம் பெட்டில வச்சுப் பூட்டுங்க” என்று சொல்வதே அவள் உத்தியோகத்தின் சாரம் என்பதால் வந்த பெயர். பெட்டி என்றால் இரண்டு கூடாரத்துக்கு ஒன்றாகத் தரையில் அறைந்து வைத்த இரும்புப் பெட்டி. கூடாரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி இருக்கும். தாழ்ப்பாள் ஒரு தகட்டுக் கூட்டுக்குள் இருக்கும்; உள்ளே விரலை விட்டு அழுத்தினால்தான் திறக்கும். கரடியின் கை அதற்குள் நுழையாது. மனிதக் கை நுழையும், கொஞ்சம் தோலை விட்டுக்கொடுத்தால்.

இதற்கு ஏன் ஓர் ஆள் என்று கேட்கலாம். பலகையில் எழுதிப் போட்டால் போதாதா? போட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியக்காவும் எல்லா வழியும் பார்த்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரடி கிழித்த கூடாரங்களின் படத்தைக் காட்டினாள். பார்த்தவர்கள் “ஐயையோ” என்றார்கள், அடுத்த மூச்சில் “எத்தனை மணிக்கு வரும்?” என்றார்கள். உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினாள். அந்தத் தாளிலேயே வறுத்த கடலையைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். கரடியின் மோப்பத்தைப் பற்றி விஞ்ஞானம் பேசினாள்: அடுத்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாலே நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம், கரடியோ மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே இந்தப் பக்கத்துப் பற்பசையின் ருசியைச் சொல்லிவிடும் என்றாள். “அப்படியா! என்ன அதிசயம்!” என்று வியந்தபடியே பையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள், மோப்பம் ஜிப்புக்குக் கட்டுப்பட்டது போல.

இப்படியிருக்க ஒரு சாயங்காலம் நம் விதிவிலக்கர் மனைவியோடு வந்து இறங்கினார். ஊரில் அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிப்பவர். கூரை பறந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், பறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற ஒன்பதாம் விதியைச் சுட்டி, தாங்கள் தெரிவித்தது இருபத்தைந்தாம் மணியில், வருந்துகிறோம் என்று பதில் எழுதுவது அவர் கலை. அந்த ‘வருந்துகிறோம்’ மனப்பூர்வமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்துச் சிறிய கூடாரத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. இரண்டு கூடாரத்துக்கும் பொதுவாக ஒரே பெட்டி. பெட்டியக்கா வந்து நின்று ஆரம்பித்தாள்.

“சாப்பாடு மட்டும் இல்லீங்க, வாசனை வர்ற எதுவும்…”

“எதுவுமே!” என்று வாக்கியத்தை வாங்கி முடித்து வைத்தார் விதிவிலக்கர். “சோப்பு, பற்பசை, தைலம், எல்லாம். பலகையில மூணாவது வரி. நான் வந்த உடனே படிச்சுட்டேன் மேடம். இவங்கதான் படிக்கல.” புதுப்பெண்ணின் கையிலிருந்த சின்னக் குப்பியை நோக்கி விரல் நீண்டது. “அது என்னம்மா?”

“உதட்டுக்குப் போடறது அண்ணா.”

“பெட்டில போடு. உதட்டுக்கா வயித்துக்கான்னு கரடிக்குத் தெரியாது.”

மாப்பிள்ளைப் பையன் கேட்டான்: “சார் இங்கதான் வேலை பாக்கறீங்களா?”

“இல்ல தம்பி. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?”

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. “ஆமா. வீட்ல குப்பையை வெளிய வைங்கன்னு நாலு தடவை சொன்னாலும் எழுந்திரிக்காத பொறுப்பு.”

வேலைக்குப் புதியவளாக இருந்தால் இப்படி ஒருவர் கிடைத்ததற்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வந்திருக்காது. பெட்டியக்காவோ அவர் கூடாரத்தின் வாசலைப் பார்த்தாள். சண்டை போடுகிறவன் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைப் பூட்டிவிட்டுப் படுப்பான் என்பது அவள் அனுபவம். வாக்கியத்தை முடித்து வைக்கிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

“உள்ள ஒரு தடவை பாத்துக்கலாமா சார்?”

“தாராளமா!”

கவனித்தீர்களா? துளித் தடுமாற்றம் இல்லை. மறைத்து வைத்தால்தானே தடுமாற? தலையணைக்கு அடியில் ஒரு பொட்டலம் முந்திரி இருந்தது.

“அது இன்னும் பிரிக்கல மேடம். சீல் அப்படியே இருக்கு.”

பைக்குள் தேன் கலந்த இருமல் மருந்து.

“அது மருந்தாச்சே.”

செருப்புக்குப் பக்கத்தில் இரண்டு ஆப்பிள்.

“திடீர்னு சர்க்கரை இறங்கிட்டா? ஒரு முன்ஜாக்கிரதைதான்.”

“உங்களுக்குச் சர்க்கரை ஏறித்தான் பாத்திருக்கேன்,” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “என்னிக்கு இறங்கிச்சு?”

போர்வைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் திராட்சை போட்ட கேக்.

“அது எங்க அக்கா கையால செஞ்சு கொடுத்தது,” என்றார், அத்துடன் விஷயம் முடிந்ததென்பது போல.

“உங்க அக்கா செஞ்சா கரடி சாப்பிடாதா சார்?”

“சாப்பிடாது,” என்றாள் மனைவி. “நான் சாப்பிட்டுப் பாத்திருக்கேன்.”

சிரிக்கலாம். ஆனால் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள்: பிரிக்காத பொட்டலம், மருந்து, உடம்பைப் பற்றிய கவலை, கூடப்பிறந்தவளின் பாசம். இதில் எது அநியாயம்? ஒரு விதி பாழாய்ப் போவதற்கு அயோக்கியர்கள் தேவையில்லை. நல்ல காரணங்கள் நாலு சேர்ந்தால் போதும்.

பெட்டியக்கா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். அதை அவள் எல்லோரிடமும் எடுப்பதில்லை.

“சார், இந்தப் பக்கம் ஒரு கரடி திரியுது. காதுல மஞ்சள் பட்டை, நம்பர் பத்தொன்பது. அது குட்டியா இருந்தப்பலேர்ந்து எனக்குத் தெரியும். இந்த வருஷம் ரெண்டு தடவை மனுஷங்க சாப்பாடு அதுக்குக் கிடைச்சிருக்கு. ஒண்ணு, யாரோ கார்ல வச்ச ரொட்டி. இன்னொண்ணு, தொண்டைக்குன்னு ஒருத்தர் வச்சிருந்த தேன். மூணாவது தடவை கிடைச்சுதுன்னு நான் எழுதிக் கொடுத்தா, மறுநாள் துப்பாக்கியோட வந்துடுவாங்க.”

“சுட்டுடுவாங்களா?” புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “வேற காட்டுல கொண்டு போய் விடலாமேக்கா?”

“போன மாசம் விட்டோம்மா. லாரில ஏத்தி, ரெண்டு மலை தாண்டி. நாலே நாள்ல நடந்து வந்து சேந்துடுச்சு. ருசி கண்டுட்டா விடாது. அடுத்தது, ஆள் உள்ள இருக்கறப்பவே கூடாரத்தைக் கிழிக்கும். அதனாலதான் அந்த விதி. தப்பான விதின்னு சொல்ல முடியல.”

விதிவிலக்கரின் கண் கலங்கிவிட்டது. நடிப்பல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு முந்திரி, மருந்து, ஆப்பிள், கேக் எல்லாவற்றையும் தாமே மார்போடு அணைத்துக்கொண்டு நாற்பது அடியும் நடந்து பெட்டிக்குள் வைத்தார். தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்ததைக் காது வைத்துக் கேட்டார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையனைக் கூப்பிட்டு, “பாத்துக்கோ, இப்படித்தான் மூடணும்” என்று பாடமும் எடுத்தார். பெட்டியக்கா அன்றைக்கு நிம்மதியாகவே திரும்பிப் போனாள். பதினோரு வருட அனுபவம் என்பது, ஏமாறுவதற்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பது.

மறுநாள் பொழுது விடிந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்தார், தேயிலை பெட்டியில். நாற்பது அடி போனார், விரலை விட்டார், தோல் உரசியது, எடுத்தார், மூடினார், நாற்பது அடி வந்தார். சர்க்கரை. நாற்பது அடி. பால் பவுடர். நாற்பது அடி. கரண்டியில் நேற்றைய ஜாம் ஒட்டியிருந்ததால் அதையும் பெட்டியில் வைத்தது நினைவுக்கு வந்தது. பத்து மணிக்குள் ஏழு நடை. ஏழாவது நடையில் நடுவிரலில் ஒரு கீறல். விதியின் நியாயத்தில் அவருக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நியாயம் அப்படியே இருந்தது. நாற்பது அடி தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓடையில் கால் நனைக்கலாம் என்று மனைவி சொன்னாள். வந்ததும் மறுபடி தேநீர் போட வேண்டும். மறுபடி விரலை விட வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு நல்ல குச்சியாகப் பொறுக்கி, தாழ்ப்பாள் விழாதபடி கதவிடுக்கில் செருகினார். ஐந்து நிமிடம்தானே?

வேறு எவராக இருந்தாலும் இத்துடன் போயிருப்பார். இவர் அப்படிப்பட்ட பொறுப்பற்றவர் இல்லை. ஆபத்து என்றால் என்னவென்று தொழில்முறையில் அறிந்தவர். ஆகவே, ஒரு தாளை எடுத்து, பேனாவால் அழகாக எழுதி, பிளாஸ்திரியால் பெட்டியின் மேல் ஒட்டினார்:

‘இப்பெட்டி தற்காலிகமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஐந்து நிமிடங்களில் மூடப்படும். இடைப்பட்ட நேரத்தில் ஏற்படும் இழப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது.’

மனைவி வந்து படித்தாள். “யாருக்குங்க இது?”

“பொதுவா.”

“பொதுவான்னா? அந்தப் புள்ளைங்க ரெண்டும் மேல நடக்கப் போயிருக்கு. அந்த அக்கா ஆபீஸ்ல இருக்கு. நாமளும் ஓடைக்குப் போறோம். மீதி யாரு இருக்கா?”

“அறிவிப்பு வச்சாச்சுன்னா வச்சாச்சு. அப்புறம் யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது.”

“கண்ணாடி இல்லாம படிக்குமா அது?” என்று கேட்டுவிட்டு அவள் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஓடைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. ஐந்து நிமிடம் என்பது தண்ணீருக்கு வெளியே உள்ள அளவு.

இரண்டரை மணிக்குப் பத்தொன்பது வந்தது. அறிவிப்பை அது படித்ததா என்று தெரியவில்லை. ஆனால் மதித்தது. ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டது.

முதலில் பார்த்தது, நடந்துவிட்டுத் திரும்பிய புது ஜோடிதான். அவர்கள் போட்ட கூச்சலில் பெட்டியக்கா தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தாள். பின்னாலேயே ஈரக் காலோடு நம்மவரும் மனைவியும். கரடி யாரையும் பெரிதாக மதிக்கவில்லை. கேக் டப்பாவை வாயில் கவ்விக்கொண்டு, காதில் மஞ்சள் பட்டை மினுங்க, சரிவில் ஏறி மரங்களுக்குள் போய்விட்டது.

“உங்க அக்காகிட்ட சொல்லணும்,” என்றாள் மனைவி மெல்ல. “விரும்பி எடுத்துட்டுப் போச்சுன்னு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டியக்கா மரப் பலகையில் உட்கார்ந்து, தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்தாள். தேதியும் நேரமும், இடம். விலங்கின் எண். நான்காவது கேள்வி: மனித உணவு கிடைத்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஐந்தாவது: முகாமிட்டவரின் கவனக்குறைவா? அதற்கும் இரண்டு கட்டம். விலங்கின் எண் வரை எழுதியவள் நின்றுவிட்டாள்.

விதிவிலக்கர் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. “என்ன எழுதப் போறீங்க மேடம்?”

“நடந்ததை.”

“எழுதினா… நாளைக்கே வந்துடுவாங்களா?”

“நாளைக்கே.”

அவர் அழுதார். வயது ஐம்பத்து மூன்று, மூக்கு சிவக்க, தேம்பித் தேம்பி. மனைவி துண்டை நீட்டினாள். துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்குள் இருந்த அலுவலகம் விழித்துக்கொண்டது.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். கிடைச்சுதான்னுதானே கேள்வி? டப்பா மூடியிருந்துது. அது டப்பாவைத்தான் தூக்கிட்டுப் போச்சு. உள்ள இருக்கறதைச் சாப்பிட்டதை நீங்க பாத்தீங்களா?”

“இல்ல.”

“தம்பி, நீ பாத்தியா?”

“நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்தோம் சார்,” என்றான் மாப்பிள்ளைப் பையன் அவசரமாக.

“பாத்தீங்களா? கண்ணால பாக்காததை எழுதக் கூடாது. எங்க ஆபீஸ்ல எழுதவே மாட்டோம். எத்தனை பேரோட மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?”

வாழ்நாள் முழுவதும் ‘இல்லை’ என்று சொல்வதற்காகத் தீட்டிய கத்தியை முதல்முறையாக ஓர் உயிரைக் காப்பாற்ற எடுத்திருந்தார். பாராட்ட வேண்டியதுதான். அவசரம் வேண்டாம்.

பெட்டியின் காலடியில், புல்லில், முந்திரிப் பொட்டலம் கிடந்தது. சீல் இப்போது அப்படியே இல்லை. குறுக்கே கிழிந்து, உள்ளே ஒரு பருப்புகூட இல்லாமல், எச்சிலில் பளபளத்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பெட்டியக்கா எழுந்தாள். குனிந்து அதை எடுத்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். காட்டில் குப்பை கிடக்கக் கூடாது என்பதும் ஒரு விதிதானே?

பிறகு உட்கார்ந்து, இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டாள். நான்காவதில் இல்லை என்றால் ஐந்தாவதிலும் இல்லை என்றுதான் போட முடியும். கிடைக்காத உணவுக்கு யாரைக் கவனக்குறைவு என்பது? கரடி பிழைக்க வேண்டுமானால் குச்சி செருகியவரும் பிழைத்தாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலும் கோடு போட்டாள். விதிவிலக்கர் இரண்டு கையையும் கூப்பினார். “நீங்க மனுஷி மேடம்,” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது பார்வையாளர் ஏட்டில் அவர் அரைப்பக்கம் எழுதினார். ஊழியரின் கடமை உணர்வைப் பாராட்டி, உணவுப் பாதுகாப்பு விதிகளை இன்னும் கடுமையாக, எவ்வித விதிவிலக்குமின்றிச் செயல்படுத்தினால் வனவிலங்குகள் பிழைக்கும் என்று முடித்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே பதவியும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் புதிதாக ஒரு குடும்பம் கூடாரமடித்துக்கொண்டிருந்தது. இரண்டு சின்னக் குழந்தைகள். பெட்டியக்கா போய் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குழந்தைகளின் அம்மா, “பாலுக்குப் பிஸ்கட் மட்டும் உள்ள இருக்கட்டுமே, இதுங்க நடுவுல எழுந்து கேக்கும்” என்றபோது, எப்போதும் சட்டென்று வரும் பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

இப்போது உங்களிடம் வருவோம். அவள் அந்தப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? எடுத்துவிடு, எழுதாதே என்று உள்ளுக்குள் அவளைத் தூண்டவில்லையா? இல்லை என்று கோடு விழுந்ததும் ஒரு நிம்மதி மூச்சு வந்ததே, அது யாருடையது? கரடி மலையில் உயிரோடு இருக்கிறது. முந்திரியின் ருசியும் அதன் நாக்கில் இருக்கிறது. அடுத்து அது இறங்கி வரும்போது அந்தக் கூடாரத்துக்குள் யார் படுத்திருப்பார்கள் என்று அந்த மூச்சை விடுமுன் யோசித்தீர்களா? யோசித்தும் விட்டிருந்தால் நீங்கள் பெட்டியக்கா. யோசிக்காமல் விட்டிருந்தால் நம்மவர். வெட்கப்பட வேண்டாம். இந்த இனத்தில் கெட்ட எண்ணத்தோடு சேர்ந்தவர் என்று இதுவரை ஒருவர்கூட இல்லை.